சீஸைத் திருப்பி வைத்தது யார்?

கொலை வழக்கில் உள்ளே போனவன், பார்க்க வரும் மனைவியிடம் முதலில் வக்கீலைப் பற்றிக் கேட்பான். இல்லையென்றால் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பான். வின்சென்ட் கேட்டது சீஸைப் பற்றி.

“யாராச்சும் திருப்பி வச்சாங்களான்னு கேட்டாரு அக்கா. வேற ஒண்ணுமே கேக்கல,” என்றாள் அவன் மனைவி சகாயசெல்வி. சொல்லும்போதே அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தமானில், போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட்டில், தையல் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் வசந்தகுமாரியின் துப்பறியும் ஆபீஸ். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் அதிகாரியாக இருந்து, வேலையை விட்டுவிட்டு வந்தவள். பெரும்பாலும் கல்யாண விசாரணைதான் வரும். மாப்பிள்ளைக்கு மெயின்லேண்டில் வேறு குடும்பம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு உதவியாளன் செபஸ்தியான். ஒரு காலத்தில் தீவுகளுக்கு நடுவே ஓடும் படகில் கயிறு வீசிக்கொண்டிருந்தவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது என்று அந்த வேலை போயிற்று. இந்த வேலை கிடைத்ததும் அதே காரணத்தால்தான் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

சகாயசெல்வி சொன்ன கதை இதுதான். வின்சென்டும் சிவபிரகாஷும் லாங் ஐலண்டில் கூட்டாகச் சீஸ் செய்கிறவர்கள். சிவா சில வருஷம் உல்லாசக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். அங்கே ஒரு அமெரிக்கச் செஃப்பிடம் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினான். ரங்கத் பக்கம் பெங்காலிகளின் மாட்டுப் பாலை வாங்கி, வின்சென்டின் படகில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வியாபாரம் சுமார்தான். பன்னீர் போடலாம், ரிசார்ட்டுக்காரன் வாங்குவான் என்றான் வின்சென்ட். பன்னீரை யார் வேண்டுமானாலும் போடலாம் என்றான் சிவா. பால் ஏற்றும் எரட்டா ஜெட்டியில் வைத்து, நாலு பேர் பார்க்க, பேச்சு முற்றியது. “தூக்கிக் கடல்ல போட்டுருவேன்” என்று வின்சென்ட் கத்தியதை ஜெட்டியே கேட்டது. அன்றைக்குப் பிறகு சிவாவை யாரும் பார்க்கவில்லை.

கோபத்தில் அவனை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேன் என்று வின்சென்ட் சொன்னான். தனியாகத்தான் போனான் என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லாததால் யாரும் நம்பவில்லை. மாதத்துக்கு மேலாக உள்ளே இருக்கிறான்.

சகாயசெல்வி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெளியே கருங்காலி நிறத்தில் தோல், உள்ளே பழுத்த மஞ்சள். வசந்தகுமாரி ஒரு துணுக்கை வெட்டி வாயில் போட்டாள். போர்ட் பிளேருக்கு வரும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளின் சமையலறைகளைச் சோதனை போட்டே அவளுடைய பாதி ஆயுள் கழிந்திருந்தது.

“டிரை ஜாக். கலிபோர்னியா சரக்கு,” என்றாள். “முதல் உலகப் போர் சமயத்துல இத்தாலியில இருந்து கெட்டியான சீஸ் வர்றது நின்னு போச்சு. அங்க ஒரு வியாபாரி கிட்ட விக்காம கெடந்த ஜாக்குங்கற மெத்து சீஸ், காஞ்சு இறுகிப் போயிருந்துச்சு. அதையே வித்தான். மேல கொக்கோவும் மிளகும் எண்ணெயும் தடவுவாங்க.”

செபஸ்தியான் மோந்து பார்த்தான். “விக்காததுக்கெல்லாம் ஒரு பேரு வச்சா வித்துரும்போல. நம்ம கம்பெனிக்கும் ஒண்ணு வைங்க மேடம்.”

வசந்தகுமாரி சிரிக்கவில்லை. இதை எங்கே வைத்துப் பழுக்க விட்டார்கள் என்று கேட்டாள். சகாயசெல்வி தயங்கினாள். லாங் ஐலண்டின் வடக்குக் கரையில் காட்டுக்குள் ஜப்பான்காரன் காலத்துப் பங்கர் ஒன்று உண்டு. வெளியே எரிந்தாலும் உள்ளே குளிர்ந்திருக்கும். காட்டிலாகா இடம் என்பதால் இரண்டு பேரும் வெளியே சொல்லவில்லை. சிவா திரும்பி வந்தால் கேஸாகிவிடுமே என்று வின்சென்ட் போலீஸிடமும் வாயைத் திறக்கவில்லை. ஜாக், கோல்பி, பிரிக் என்று மூன்று வகை அங்கே அடுக்கியிருக்கிறதாம். மூன்று நாளைக்கு ஒருமுறை திருப்பி வைக்காவிட்டால் அடியில் பூஞ்சை பிடித்து அழுகிவிடுமாம்.

“சிவா திரும்பி வந்தா,” என்று அந்த வார்த்தையை மட்டும் வசந்தகுமாரி திருப்பிச் சொன்னாள். பிறகு செபஸ்தியானைப் பார்த்து, “கொன்னவன் எவனாவது அழுகிப் போயிடுமேன்னு கவலைப்படுவானா?” என்று கேட்டாள்.

“மாட்டான். ஆனா ஜட்ஜ் ஐயா சீஸ் சாப்பிடுறவரா இருக்கணுமே.”

மறுநாள் படகில் லாங் ஐலண்ட் போய் இறங்கினார்கள். சகாயசெல்வி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்ன வழியில், ஓடையைத் தாண்டி, மற்ற இருவரும் காட்டுக்குள் நடந்தார்கள். மாதத்துக்கு மேலாக ஆள் தொடாத சீஸின் நாற்றத்துக்கு ஈடு கொடுக்க செபஸ்தியான் கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் கொட்டி வைத்திருந்தான்.

பங்கருக்குள் தலையைக் குனிந்து நுழைந்ததும் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். நாற்றமே இல்லை. கொட்டை வறுத்தது போல ஒரு வாசனை மட்டும் இருந்தது.

டார்ச் வெளிச்சத்தில், கருங்கல் போல இறுகிய சுவரோரம் மூங்கில் பரண்கள் தெரிந்தன. அவற்றின் மேல் வட்டு வட்டாகச் சீஸ். ஒரு மூலையில் வெள்ளைக்காரன் காலத்துப் பழைய செங்கற்களை ஏற்றி அழுத்திய பலகை. அப்படிச் செங்கல்லை வைத்து அழுத்தியதால்தான் அமெரிக்காவின் விஸ்கான்சின்காரர்கள் அந்த வகைச் சீஸுக்குப் பிரிக் என்றே பெயர் வைத்தார்கள் என்றாள் வசந்தகுமாரி.

“அமெரிக்காக்காரன் சீஸு, ஜப்பான்காரன் பங்கரு, வெள்ளைக்காரன் செங்கல்லு, பெங்காலி வீட்டுப் பாலு. நம்ம ஆளு என்னத்த மேடம் போட்டான்?”

“உப்பு,” என்றாள் வசந்தகுமாரி. அவள் ஒரு வட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாவற்றிலும் புதிதாக எண்ணெய் மினுங்கியது. திருப்பி வைத்த கை நேற்றோ முந்தாநாளோ இங்கே வந்திருக்கிறது.

செபஸ்தியான் விரல் மடக்கி எண்ணினான். வின்சென்ட் உள்ளே இருக்கிறான். சகாயசெல்வி இந்தப் பக்கமே வந்ததில்லை. இந்த இடம் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவன்தான். அப்படியானால் சிவா உயிரோடு இருக்கிறான். கோபித்துக்கொண்டு எங்கேயோ ஒளிந்திருக்கிறான், ராஸ்கல். கூட்டாளியை உள்ளே தள்ளிவிட்டு இங்கே வந்து சீஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான். அகப்பட்டால் முதல் அடி தன்னுடையதுதான் என்று முடிவு செய்துகொண்டான். ஆனாலும் மனசுக்குள் பெரிய சந்தோஷம். சகாயசெல்விக்குச் சொல்ல போனை எடுத்தவனின் கையை வசந்தகுமாரி பிடித்தாள்.

“இரு, செபா. கடைசித் தட்டைப் பார்.”

அங்கே வட்டாக இல்லாமல் ஒன்று கிடந்தது. நீளச் சதுரமாக, தட்டையாக, ஓரம் வெடித்து, வெள்ளை வெளேரென்று. ஜாக்கும் இல்லை, கோல்பியும் இல்லை, பிரிக்கும் இல்லை. சிவா புதிதாக ஒரு வகையைக் கண்டுபிடித்துவிட்டான் போலிருக்கிறது என்றான் செபஸ்தியான். வசந்தகுமாரி அதன் ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தாள். முகம் மாறிற்று. அவனுக்கும் ஒரு துணுக்குக் கொடுத்தாள். ஒரே உப்பு. ரப்பரைக் கடிப்பது போல இருந்தது.

“இதைச் செஞ்சவன் சீஸ் செய்யறதைப் பார்த்திருக்கான். செஞ்சதில்லை,” என்றாள் அவள். “சிவா கை இது இல்லை.”

பிறகு கீழே குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்கினாள். பூஞ்சையைச் சீவி எடுத்த சுருள்கள். காகிதத்தைவிட மெலிதாக, அறுந்துபோகாமல், நீள நீளமாக இருந்தன. பக்கத்து வட்டில் சீவிய தடம் சரிவாக ஓடியது. அடியிலிருந்த சீஸில் ஒரு கீறல்கூட இல்லை. நீ சீவினால் எப்படிச் சீவுவாய் என்று கேட்டாள். கத்தியை வைத்தால் பூஞ்சையோடு பாதி சீஸும் வரும் என்றான் அவன்.

“எனக்கும் அப்படித்தான் வரும். மரத்துக்கு வலிக்காம பட்டையை மட்டும் சரிவாச் சீவி எடுக்கற ஆளுங்க யாரு?”

செபஸ்தியானுக்கு வாயில் இருந்த துணுக்கு சட்டென்று புரிந்தது. “ரப்பர்ல பால் வெட்டுறவங்க.”

“பாலைத் தட்டுல ஊத்தி, உறைய வச்சு, அழுத்தித் தட்டையா எடுப்பாங்க. கச்சால் தீவு ரப்பர் ஷீட் ஹார்பர்ல இறங்கறப்போ நிறையப் பார்த்திருக்கேன். இது சீஸ் இல்லை செபா. மாட்டுப் பால்ல போட்ட ரப்பர் ஷீட்.”

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். லாங் ஐலண்டில் கச்சாலிலிருந்து வந்த பால்வெட்டுக்காரர் ஒருவர்தான் உண்டு என்று ஓடைக்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார். ஆவுடையப்பன். சிவபிரகாஷின் அப்பா.

போகும் வழியெல்லாம் செபஸ்தியான் நம்பிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தான். மகனை அப்பாதான் ஒளித்து வைத்திருக்க வேண்டும், வேறு எதுவும் இருக்க முடியாது என்றான்.

தகர வீட்டின் பின்னால் ஆவுடையப்பன் விறகு பிளந்துகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி, கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் ஆளானவர். சுனாமிக்குப் பிறகு சின்னப் பையனாக இருந்த சிவாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவர். வந்தவர்களை உட்காரச் சொன்னார். அந்தப் பூஞ்சைச் சுருளை வசந்தகுமாரி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். கோடாரியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“சிவா எங்கே அய்யா?” என்றாள்.

அவர் கடல் இருந்த திசையில் தலையை ஆட்டினார். செபஸ்தியான் ஒரு விநாடி, படகில் எங்கோ போயிருக்கிறான் என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்தான். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தான்.

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜெட்டியில் சண்டை போட்டுவிட்டு வின்சென்ட் போன பிறகு, பால் கேன்களோடு நின்ற சிவா அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறான்.

“அப்பா, டிங்கி கொண்டாறியான்னான். அவன் தொழில நான் ஒரு நாளும் மதிச்சதில்லம்மா. அழுகின பாலுன்னுதான் சொல்லுவேன். அது தெரிஞ்சும் என்னைய கூப்புட்டான். மொத தடவ கூப்புட்டான்.”

ஜெட்டியில் பெரிய படகு கட்டியிருந்ததால், சதுப்பு மரங்கள் இருந்த பக்கமாகச் சின்ன டிங்கியை ஒதுக்கி மகனை ஏற்றிக்கொண்டார். அதனால் யாரும் பார்க்கவில்லை. ஜெட்டியிலிருந்து வரும் ஓடை கடலில் சேரும் வாயில் காற்று எழும்பிவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று சிவா சொன்னான். ஒன்றும் ஆகாது, பால் கெட்டுப் போகும் என்று இவர்தான் டிங்கியை மேலே விட்டார். பக்கவாட்டில் ஓர் அலை தூக்கியபோது கேன் ஒன்று சரிந்தது. சிவா அதைப் பிடிக்கப் பாய்ந்தான். கேனோடு போனான். நல்லா நீந்துகிறவன். தலை ஒருதரம் தெரிந்தது. அப்பா என்று கூப்பிடக்கூட இல்லை. அந்த இடத்தையே இவர் சுற்றிச் சுற்றி வந்தார், டீசல் தீரும் வரை.

“இன்னொரு கேனு டிங்கியிலேயே இருந்துச்சி. வீட்டுக்கு வந்து பாத்தா பாலு. அவன் வாங்கின பாலு. கொட்ட மனசு வரல. பங்கருக்கு என்னைய ஒருதரம் கூட்டிட்டுப் போயிருக்கான், எல்லாத்தையும் காட்டினான், நாந்தான் சரியா காது குடுக்கல. எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஒறைய வச்சேன்.”

செபஸ்தியானின் நாக்கில் அந்த உப்பு இன்னும் இருந்தது. எழுந்து போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

போலீஸ் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று வசந்தகுமாரி கேட்டாள். குரலில் கடுமை இல்லை. ஆனால் கேட்காமலும் விடவில்லை.

“மவன் எங்கன்னு கேட்டுச்சி. தெரியாதுன்னேன். அது பொய்யில்லம்மா. எங்க கெடக்கான்னு எனக்குத் தெரியாதுதான.” சிதறிக் கிடந்த விறகுச் சிம்புகளைக் காலால் ஒதுக்கினார். “சுனாமியில என் வீட்டுக்காரி சொர்ணம்மாவ காணோம்னுதான் எழுதினாங்க. காணோம்னா ஒரு நாளைக்கு வரலாம்ல. அத வச்சித்தான் இத்தன வருசம் ஓட்டினேன். இவனும் அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். வந்தா கேப்பான்ல, ஏம்பா திருப்பி வைக்கலன்னு.”

“வின்சென்டுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க.”

“தெரியும். என்னைய தாத்தான்னுதான் கூப்புடுங்க. ஒவ்வொரு நாளும் போயி சொல்லிடணும்னு சட்டை போடுவேன். போட்டுட்டு இங்கேயே ஒக்காந்துருவேன்.”

அவரே உள்ளே போய் ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பட்டன் துளைகள் மாறிப் போயிருந்தன. வசந்தகுமாரி சரிசெய்து போட்டுவிட்டாள். சகாயசெல்வியின் வீட்டைத் தாண்டும்போது அவர் நின்றார். அவள் கையில் குடத்தோடு வாசலில் இருந்தாள். அவரே சொன்னார், இரண்டே வாக்கியத்தில். அவள் கத்தவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, கதவைத் திறந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நானும் வருகிறேன் என்று சொல்லிக் கூடவே நடந்தாள். படகில் அவருக்கு எதிர்ப் பலகையில், அவரைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனில் ஆவுடையப்பன் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். போன் அழைப்பைச் சரிபார்த்தார்கள், ஓடை வாய்க்கு ஆள் அனுப்பினார்கள். சதுப்பு மரங்களின் வேரில் சிக்கி, நசுங்கிய பால் கேன் ஒன்று கிடைத்தது. வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. சில நாளில் வின்சென்டை வெளியே விடக் கோர்ட் உத்தரவு போட்டது.

போர்ட் பிளேரில் ஜெயில் வாசலுக்குச் சகாயசெல்வியோடு இவர்களும் போனார்கள். உள்ளே அவனிடம் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேஸ் முடிந்தது, கிளம்பு என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் சின்னக் கதவைத் திறந்துகொண்டு வந்த வின்சென்டின் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. தாடி வளர்ந்து, பாதியாக இளைத்திருந்தான். மனைவியைத் தாண்டி, வசந்தகுமாரியைத் தாண்டி, பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தான்.

“வந்துட்டான்ல,” என்றான். “எனக்குத் தெரியும். அவனுக்குக் கோவம் தீந்தா வந்துருவான். எங்க, ஆட்டோல இருக்கானா?”

சகாயசெல்வி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். செபஸ்தியான்தான் போய் அவனுடைய தோளைப் பிடித்தான்.

“சிவா வரலடா. அன்னைக்கே கடல்ல போயிட்டான். அவங்கப்பா டிங்கியில வரும்போது, ஓடை வாயில.”

வின்சென்டின் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாதது போல முகத்தில் நின்றது.

“டிங்கியிலயா?” என்றான். “அந்தக் காத்துக்கு டிங்கி தாங்காதே. என் போட்டுல வந்திருக்கணும்.” பிறகு, யாரிடமும் இல்லாமல், “ரெண்டு தடவ கூப்பிட்டான். வின்சென்ட், நில்லுன்னு கூப்பிட்டான். எஞ்சின் சத்தத்துல கேக்காத மாதிரி வந்துட்டேன்,” என்றான்.

வீட்டுக்குப் போகலாம், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று சகாயசெல்வி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையைக் கொடுத்தான், நகரவில்லை. அப்படியே, தான் வெளியே வந்த கதவுக்கு முன்னால், படியில் உட்கார்ந்தான்.